துப்பறியும் நாவல்களா, இலக்கியப் படைப்புகளா: நீங்கள் எதை விரும்பி வாசிக்கிறீர்கள்?

துப்பறியும் நாவல்களை வாசிப்பது நேரத்தை வீணடிப்பது என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும், இனி இலக்கியத்தின் பக்கம் திரும்பிவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்கு மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். முப்பது ஆண்டுகளாக இரண்டையும் வாசித்து வருகிறேன். இன்றும் என் இரவு வாசிப்பில் குற்றப் புதினங்களே அதிகம். அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரியில் படிக்கப் போய்வந்த நாள்களில் ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஒரு பிரதி ஏழெட்டு வீடுகளைச் சுற்றி, அட்டை கிழிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் திரும்பும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும் இரண்டு கதைகளை அடுத்தடுத்த அத்தியாயங்களில் மாற்றி மாற்றி நடத்தி, இறுதியில் ஒரே முடிச்சில் கொண்டுவந்து சேர்க்கும் அவருடைய முறைதான், எந்தச் சிறு தகவலையும் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது என்ற பழக்கத்தை எனக்குள் ஏற்படுத்தியது. சுஜாதாவிடம் வந்தபோது கிடைத்தது வேறு. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும், அவருடைய வழக்கறிஞர் பாத்திரங்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதற்காகவே அந்தக் கதைகளை மூன்றாம் முறையும் எடுத்திருக்கிறேன். ஒருமுறை வாசித்ததும் தீர்ந்துபோகிறவை இவ்வகை நாவல்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு அதுவே காரணம்.

இலக்கியத்தில் எனக்கு மிக நெருக்கமானது, 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானிலும் (இன்றைய இந்தோனேசிய நகரம்) எங்கள் பினாங்கிலும் நடக்கும் கதை அது. ஆசிரியரும் இளமையில் இப்பக்கம் வாழ்ந்தவர். பத்தொன்பது வயதில் அதைத் தொடங்கி, முப்பது பக்கங்களில் மூடி வைத்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியை அது எழுப்பவில்லை என்பதே அன்று என் குறையாக இருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தபோதுதான், ஒரு சாகச நாவலுக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருப்பதைக் கண்டேன்: ஜப்பானியப் படை, இந்திய தேசிய ராணுவம், கெரில்லாப் போர், நடுக்கடலில் தொங்கானை (பாய்மரச் சரக்குக் கப்பல்) அலைக்கழிக்கும் புயல்.

ஆனால் இந்த நாவலில் அவை செய்யும் வேலை வேறு. சாகசக் கதையில் புயல் என்பது நாயகன் தப்பிக்க வேண்டிய ஓர் இடர். அவன் பிழைத்ததும் நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இங்கோ, எந்த ஆபத்துக்கு நடுவிலும் நாயகன் பாண்டியனின் மனம் விட்டுவந்த மதுரைத் தெருக்களுக்கும் ஊர்ச் சந்தைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிழைத்தானா என்பதைவிட, பிழைத்து எங்கே திரும்பிப் போவான் என்பதே நம்மைத் துன்புறுத்துகிறது. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளையான எனக்கு அந்தப் பக்கங்களை வேகமாக வாசிக்க முடியவில்லை. என் தாத்தா கடைசிவரை சொல்லாமல் போனவற்றை யாரோ எழுதி வைத்திருந்ததுபோல் இருந்தது.

இதனால் பாராட்டப்பட்ட எல்லா நூல்களையும் நான் ரசித்துவிட்டேன் என்று பொருளில்லை. மொழியழகை மட்டும் நம்பிய பல நாவல்களைப் பாதியிலேயே வைத்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. உங்கள் நண்பர் சொன்னதற்காகத் துப்பறியும் நாவல்களை நீங்கள் விட்டுவிட வேண்டாம். சிங்காரத்தை எடுப்பதாக இருந்தால், தொடக்கப் பக்கங்களை வைத்து முடிவு செய்யாமல், அந்தத் தொங்கான் பயணம் வரையிலாவது வாசித்துப் பாருங்கள்.