நேராகப் போனால் நியூயார்க்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் போகும் விமானம் எத்தனை கிலோமீட்டர் பறக்கிறது? புள்ளிவிவரம் 15,349 என்கிறது. போய்வந்த என் மகன் ஆயிரத்துக்கு மேல் கூட்டிச் சொல்கிறான். எது சரி?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: ‘நேராக’ என்று எழுதி மாட்டிக்கொண்டீர்கள்.

நிஜமாகவே நேராகப் போவதென்றால் சாங்கி விமான நிலையத்தில் கடப்பாரையைப் போட்டுத் தோண்ட வேண்டும். பூமியைத் துளைத்துக்கொண்டு போனால் சுமார் 11,900 கி.மீ.யில் நியூயார்க் வந்துவிடும். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் லாபம். பாதி வழியில் நாலாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்புக் குழம்புக்கு நடுவே இருப்பீர்கள். காபி ஆறாது. ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

15,349 என்பது உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த கணக்கு. இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய எதிரும் புதிருமாக இருப்பதால், அந்த நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வட துருவத்தை உரசி, கனடா வழியாக இறங்குகிறது. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தைப் பார்த்தால் இதை நம்பவே முடியாது. அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் கடுப்பு பழைய வாசகர்களுக்குத் தெரியும். மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569-ல் மாலுமிகளுக்காக வரைந்தார், பாவம். நாம் அதைப் பள்ளிக்கூடத்தில் மாட்டினோம். கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா, அதில் கிரீன்லாந்துக்குத் தம்பி மாதிரி நிற்கிறது.

சரி, உங்கள் மகன் சொல்வதும் பொய் இல்லை. விமானி நூலைப் பார்த்து ஓட்டுவதில்லை, காற்றைப் பார்த்து ஓட்டுகிறார். மேலே மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்று இருக்கிறது. பசிபிக் பக்கம் சுற்றிப் போனால் தூரம் கூடினாலும் முதுகில் காற்று தள்ளும். நேரமும் எண்ணெயும் மிச்சம். 1,65,000 லிட்டர் கொள்ளும் டாங்க்கோடு பதினெட்டரை மணி நேரம் பறக்கிறவர்களுக்கு அந்த மிச்சம் பெரிது. திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக் வழியாக மறுபடியும் கிழக்கே. ஆக, போக வர உலகத்தையே சுற்றியாயிற்று. முருகனுக்கே கிடைக்காத மாம்பழம் உங்கள் மகனுக்குக் கிடைத்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு ‘நேராக’வும் இருக்கிறது. இந்த விமானத்தை ஓட்டும் அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானம் ஒன்றையும் நியூயார்க்குக்கு விடுகிறது. வழி முழுக்க விமான எண் ஒன்றே என்பதால் விமானக்காரர்கள் பாஷையில் அதுவும் ‘டைரக்ட்’தான். எங்கும் நிற்காததற்கு ‘நான்-ஸ்டாப்’ என்று தனிப்பெயர்.

நம் ஊரில் அந்த வித்தியாசமும் கிடையாது. போன மாதம் ‘இடைநில்லாப் பேருந்து’ என்று போர்டு மாட்டிய வண்டியில் ஏறினேன். நெடுஞ்சாலை ஓரம், ஊரே இல்லாத இடத்தில், ஒரு மோட்டல் வாசலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். கழுநீர் மாதிரி ஒரு டீ, விலை மட்டும் விமானத்தில் விற்பதைப் போல. போர்டைக் காட்டி நியாயம் கேட்டேன்.

கண்டக்டர் நிதானமாகச் சொன்னார்: “வண்டி நிக்கல சார், டிரைவர் சாப்பிடுறாரு.”