மூடி ஒட்டிய கருவிக்குள் சார்ஜும் ஆன்டெனாவும்: கேள்வி பதில்

கேள்வி: மாட்டுக் கழுத்துப்பட்டை சென்சார் செய்கிறேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிப் ஆன்டெனா. மேசைமேல் 40 மீட்டர் எட்டியது, எபாக்சி (இறுகும் பிசின்) ஊற்றியபின் 8 மீட்டரோடு நின்றுவிட்டது. பிசிபி (சுற்றுப்பலகை) கெட்டுவிட்டதா?

பதில்: பிசிபி நன்றாகத்தான் இருக்கும், ஆன்டெனாவின் டியூனிங்தான் நகர்ந்திருக்கிறது. காற்றின் மின்காப்பு மாறிலி 1. எபாக்சிக்கு 3.5 முதல் 4 வரை. எபாக்சிக்குள் புதைந்த ஆன்டெனா, நீளம் கூடியதுபோல நடந்துகொள்ளும். 2450 மெகாஹெர்ட்ஸில் நின்றது 2300-க்குக் கீழே இறங்கிவிட்டால், ரேடியோ சிப் அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி அதற்கே திரும்பி வரும். மாட்டின் கழுத்தும் அதே திசையில்தான் இழுக்கும்.

செய்ய வேண்டியது இது. ஆன்டெனாவுக்கு முன்னால் π (பை) எழுத்து வடிவப் பொருத்தச் சுற்றுக்கு, அதாவது ஆன்டெனாவைச் சரிப்படுத்தும் உதிரிகளுக்கு, மூன்று இடம் விட்டிருக்கிறீர்களா பாருங்கள். ரேடியோ சிப் பக்கத் தொடர்பைத் துண்டித்து, நடு இடத்தில் 0 ஓம் போட்டு, பக்க இரண்டையும் காலியாக விடுங்கள். மெல்லிய 50 ஓம் கோஆக்ஸ் கேபிளை அந்த இடத்திலேயே சாலிடர் செய்யுங்கள். அதன் வெளிவலை கிரவுண்டில் அங்கேயே இறங்க வேண்டும். கேபிள் மேல் இரண்டு மூன்று ஃபெரைட் மணிகளைக் கோத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேபிளே ஆன்டெனாவாகி அளவு பொய் சொல்லும். விஎன்ஏவை (ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் கருவி) கேபிளின் நுனியில் காலிபரேட் செய்யுங்கள். பழைய சிறிய நானோவிஎன்ஏ 1.5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, 3 ஜிகாஹெர்ட்ஸ் வகை வேண்டும். பிறகு பேட்டரி, கம்பியில்லா சார்ஜுக்கான காயில் (கம்பிச் சுருள்), அதன் ஃபெரைட் தகடு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, கேபிளை வெளியே விட்டு எபாக்சி ஊற்றி, முழுதாக இறுகியபின் அளந்து, கிடைக்கும் எண்ணுக்குப் பொருத்தச் சுற்றைக் கணக்கிடுங்கள். அந்த மதிப்புகளை அடுத்த போர்டில் போடுங்கள். குறைந்தது மூன்று மாதிரி. பயன்படுத்தும் அலைவரிசை முழுவதும் எஸ்11 (திரும்பி வரும் சக்தியின் அளவு) −10 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் போதும்.

மூடிய நிலையில்தான் டியூனிங். திறந்த போர்டில் எடுத்த அளவுக்கு இங்கே மதிப்பில்லை.

கேள்வி: அதே கருவிக்குள் 500 மில்லிஆம்பியர்-மணி பவுச் (மெல்லிய உறை வடிவ) லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதையும் சேர்த்து எபாக்சியில் புதைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பவுச் செல் வயதாக ஆக உப்பும். கடினமான எபாக்சி அதற்கு இடம் தராது. அழுத்தம் செல்லுக்குள்ளேயே திரும்பும், அங்கிருந்து உட்புற ஷார்ட், தீ. இன்னொன்று, எபாக்சி இறுகும்போதே சூடாகும். கனமாக ஒரே தடவை ஊற்றினால் 100 டிகிரியைக்கூடத் தாண்டும், செல் அங்கேயே கெடும். பேட்டரிக்குத் தனி அறை கொடுங்கள். தடிமனில் 10 சதவீதம் காலி இடம், ஓரத்தில் மூடிய துளை நுரை. போர்டுக்கு மட்டும் மென்மையான பாலியூரித்தேன் அல்லது சிலிக்கோனை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள்.

கேள்வி: சிலிண்டர் வடிவ 14500 செல் என்றால் புதைக்கலாம்தானே?

பதில்: அதன் தலைப்பக்கம் வாயு வெளியேறும் வழி இருக்கிறது. அதை அடைத்தால் குழாய் வெடிபோல. முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 5 வாட் க்யூஐ (கம்பியில்லா சார்ஜ் தரம்) ரிசீவர் காயில் போட்டேன். பேடில் வைத்தால் சார்ஜ் ஆகிறது, ஆனால் பேட்டரி சுடுகிறது.

பதில்: காயிலுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஃபெரைட் தகடு இருக்கிறதா? இல்லையென்றே நினைக்கிறேன். க்யூஐ சார்ஜர் 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அந்தப் புலம் பேட்டரியின் அலுமினியத் தாளில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கிச் சூடாக்கும். காயிலைவிடச் சுற்றிலும் 1, 2 மிமீ பெரிய தகடு வையுங்கள். அது காயிலின் இன்டக்டன்ஸைக் கூட்டும், ஆகவே தொடர் கெப்பாசிட்டரைத் தகடும் பேட்டரியும் இருக்கும்போதே கணக்கிடுங்கள். பேடின்மேல் வைத்த நிலையில் 24 மைக்ரோஹென்றி என்றால், 100 கிலோஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுக்கு ஏறக்குறைய 105 நானோஃபேரட். 50 வோல்ட் சி0ஜி அல்லது எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டரில் சிறியவற்றை இணையாகப் போடுங்கள். ஒய்5வி வகை கூடாது.

அடுத்தது சார்ஜ் மின்னோட்டம். எம்சிபி73831 போன்ற லீனியர் (மிஞ்சும் வோல்டேஜை வெப்பமாக்கும்) சார்ஜர் சிப்பில், மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ரெசிஸ்டராக 2 கிலோஓம் போட்டால் 500 மில்லிஆம்பியர். 3 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரி என்றால் (5−3)×0.5, ஒரு முழு வாட் வெப்பம், காற்றுப் போக்கில்லாத பெட்டிக்குள். 10 கிலோஓம் போட்டு 100 மில்லிஆம்பியருக்கு இறக்குங்கள். வெப்பம் 0.2 வாட்டாகும். அந்தச் சிப்பில் வெப்பநிலை அறியும் கால் கிடையாது. எம்சிபி73833-இல் உண்டு, 10 கிலோஓம் தெர்மிஸ்டரை (வெப்பம் அறியும் ரெசிஸ்டர்) செல்லோடு ஒட்டிவிடுங்கள். 0 டிகிரிக்குக் கீழும் 45-க்கு மேலும் சார்ஜ் ஆகக் கூடாது.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? தங்கமுலாம் பூசிய இரண்டு புள்ளி, காந்த கேபிள். வேலை முடிந்தது. கம்பியில்லா சார்ஜில் ஆற்றல் வீண்.

பதில்: நல்ல வாதம், பாதி ஏற்கிறேன். உலர்ந்த இடத்தில் தொடுபுள்ளிதான் சிறந்தது. ஆனால் வியர்வையோ உப்புநீரோ படும் இடத்தில், அந்தப் புள்ளிகளுக்கிடையே பேட்டரி வோல்டேஜ் கசிந்தால் நேர்முனை கரையும். மெல்லிய முலாமில் ஊசித்துளைகள் இருக்கும், அடியில் உள்ள நிக்கல் வழியாகப் பச்சை பூக்கும்.

அவரே: டயோடு போட்டிருக்கிறேன். வெளியே 0 வோல்ட்தான்.

பதில்: டயோடின் பின்னோட்டக் கசிவை அளந்தீர்களா? ஷாட்கி வகை டயோடு என்றால் 60 டிகிரியில் பல மடங்கு கூடும். லோட் சுவிட்ச் (தேவையில்லாதபோது இணைப்பைத் துண்டிக்கும் சிப்) போடுங்கள், புள்ளிகளுக்கு நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டரும் வையுங்கள். அப்படியும் ஈரத்தோடு கேபிளை மாட்டினால் 5 வோல்ட் நேராக உப்புநீரில் இறங்கும்.

அவரே: துடைத்துவிட்டு மாட்டச் சொல்லலாமே?

பதில்: மாட்டுத் தொழுவத்தில் தினமும் யார் துடைப்பார்கள்? இன்னொன்று, உலோக ஊசியும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. சில நூறு சுற்று வெயில்-குளிருக்குப் பின் ஊசியைச் சுற்றி முடி அளவு இடைவெளி வரும், நீர் அதில் ஏறும்.

இன்னொருவர்: ஊசிமேல் பிளாஸ்டிக்கை வார்த்து, பள்ளம் வெட்டிய கழுத்தில் ஓரிங் போட்டால் ஏறாது. மீட்டர்களில் அப்படித்தான் வருகிறது.

பதில்: உண்மை, அச்சுக்குச் செலவழிக்க முடிந்தால் அது நிற்கும். என் முடிவு: அலுவலகத்துக்குள் இருக்கும் டேக் என்றால் தொடுபுள்ளி, தொழுவமும் இறால் குளமும் என்றால் காயில்.

கேள்வி: இறால் குளத்தில் கருவி நீருக்கடியில். புளூடூத் எவ்வளவு தூரம்?

பதில்: உவர்நீரில் சில சென்டிமீட்டர். ஆன்டெனாவை மிதவையில் வையுங்கள்.

கேள்வி: அலுமினியப் பெட்டி முழுக்க மூடினால் சார்ஜும் சிக்னலும் வருமா?

பதில்: இரண்டும் வராது. ஒரு முகத்தைப் பிளாஸ்டிக்காக்குங்கள். கார்பன் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கும், உலோகத்தூள் பெயின்ட்டும் கூடாது.

கேள்வி: எபாக்சி ஊற்றியபின் ரேஞ்ச் குறைந்துவிட்டது. 868 மெகாஹெர்ட்ஸ் சுருள் ஆன்டெனா.

பதில்: முதல் கேள்வியேதான். ஊற்றியபின் டியூன் செய்யுங்கள். அலைவரிசையையும் பாருங்கள்: இந்தியாவில் உரிமமின்றி அனுமதி 865 முதல் 868 வரை. 868-ஐ மையமாக வைத்தால் பாதி வெளியே போகும்.

கேள்வி: மூடி ஒட்டியபின் எப்படி ஆன் செய்வது? பட்டன் இல்லை.

பதில்: காந்தத்தை உணரும் ரீட் சுவிட்ச் அல்லது ஹால் சென்சார் உள்ளே, வெளியிலிருந்து காந்தம். க்யூஐயின் புதிய தரமான க்யூஐ2 பேடில் காந்த வளையம் இருப்பதால், சார்ஜில் வைத்தாலே அது தூண்டப்படும். எனவே காயிலில் மின்சாரம் வரும்போது காந்தத்தைப் பொருட்படுத்தாதபடி ஃபர்ம்வேர் எழுதுங்கள். காயில் மின்சாரம் வந்ததும் சிப் ஒருமுறை ரீசெட் ஆகும்படியும் வையுங்கள். தொங்கிப்போன கருவியை எழுப்ப வேறு வழியில்லை.

கேள்வி: எபாக்சிக்குப் பதில் ஹாட் குளு போட்டு, பவுச் பேட்டரியையும் அதோடு...

பதில்: பேட்டரியைப் புதைக்காதீர்கள். எந்தப் பசையிலும்.