சாற்றுக்குள் ஒளிந்த மீன்: ஜப்பான் போகும் வீகன்களின் கேள்விகள்

இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடாத வீகன்கள் நாங்கள். அடுத்த மாதம் டோக்கியோவும் கியோட்டோவும் போகிறோம். "நோ மீட், நோ ஃபிஷ்" என்று சொன்னால் போதாதா?

போதாது. முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். பரிமாறிய பெண் பணிவாகக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் அகெதாஷி தோஃபு கொண்டுவந்து வைத்தார். பொரித்த தோஃபு, அதாவது சோயாப் பாலில் செய்த கட்டி. அதன் மேல் மரச்சீவல் மாதிரி மெல்லிய, வெளிர் பழுப்புச் சுருள்கள் ஆவி பட்டு உயிருள்ளவை போல நெளிந்துகொண்டிருந்தன. அதுதான் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாசியும் அதே சூரைதான்.

மேலே தூவியதை ஒதுக்கிவிடலாம். தோஃபு ஊறிக் கிடந்த சாற்றை என்ன செய்வது? அதுவும் அந்தச் சீவலைக் கொதிநீரில் போட்டு இறக்கியதுதான். பெயர் தாஷி. மிசோ சூப், உடோன் நூடுல்ஸின் சாறு, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் ட்சுயு, வேகவைத்த கீரை என்று எங்கும் அது இருக்கும். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் மீன் என்றால் தட்டில் கிடக்கும் துண்டு; தாஷி வெறும் சமையல் தண்ணீர்.

எனவே கேள்வியை மாற்றுங்கள். "கட்சுவோ தாஷி ஹைத்தேமாஸ் கா?" என்றால், சூரைச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று பொருள். தூவ வேண்டாம் என்பதற்கு "கட்சுவோபுஷி நுகி தே". 'நுகி' என்றால் 'இல்லாமல்'; இந்த ஒரு சொல் பயணம் முழுக்கச் சோறு போடும். "நிக்கு" வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது இறைச்சியை மட்டுமே குறிக்கும், மீனைத் தொடாது. உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால் ஜப்பானிய எழுத்திலேயே போனில் வைத்துக் காட்டுங்கள்.

தாஷி என்றாலே மீன் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கொம்பு (மாட்டுக் கொம்பு இல்லை, கடற்பாசி), காய்ந்த ஷீத்தாக்கே காளான் இரண்டிலும் அருமையான தாஷி இறங்கும். 1908-இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே 'உமாமி' என்ற ஐந்தாம் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது கொம்புச் சாற்றிலிருந்துதான்.

பெரிய உணவகங்களில் ஒவ்வாமை அட்டவணை தருகிறார்களே, அதைப் பார்த்தே ஆர்டர் செய்யலாமா?

முட்டை, பால், இறால், நண்டு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க நல்லது. சூரை மீன் அந்தக் கட்டாயப் பட்டியலிலேயே இல்லை. எல்லாக் கட்டமும் காலியாக இருந்தாலும் சாற்றில் மீன் இருக்கலாம்.

சுஷி என்றாலே மீன்தானா?

சுஷி என்பது வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோற்றைக் குறிக்கும் பெயர். வெள்ளரி வைத்த கப்பா மாக்கி (மாக்கி என்றால் சுருட்டிய சுஷி), முள்ளங்கி ஊறுகாய் வைத்த ஷின்கோ மாக்கி, உமேபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழமும் வெள்ளரியும் சேர்ந்த உமெக்யூ மாக்கி மூன்றையும் தேடுங்கள். உமேபோஷியில் சில சமயம் தேனோ கட்சுவோபுஷியோ சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த தோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரி சுஷி பார்க்க அப்பாவி. அந்தப் பை பெரும்பாலும் மீன் தாஷியில் வெந்தது. நாத்தோ (புளிக்கவைத்த சோயா) வைத்த மாக்கியை, மீன் சாஸ் கலக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். கடையில் டப்பாவாக விற்கும் நாத்தோவோடு வரும் சாஸ் பொட்டலத்தைத் தனியே வைத்துவிடுங்கள், அதில் பெரும்பாலும் மீன் தாஷி இருக்கும்.

நூடுல்ஸ், தெம்புரா?

உடோன் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே. சிக்கல் சாற்றில்தான். ககாவா மாகாணத்துச் சனுகி உடோன் கடைகளில் கிஜோயு உடோன் கேளுங்கள்: வெந்த உடோன் மேல் சோயா சாஸை அப்படியே ஊற்றிக் கொடுப்பார்கள். தாஷி கலந்த சோயா சாஸும் உண்டு என்பதால் 'கிஜோயு' என்ற பெயரை விடாதீர்கள். சோபாவையும் ட்சுயு வேண்டாம் என்று சொல்லி, உப்போடு சாப்பிடலாம். நல்ல கடையில் அதுதான் சோபாவின் வாசனையைக் காட்டும் என்பது என் கட்சி. தெம்புரா மாவில் முட்டை இருக்கும், இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் பொரியும். நான் தொடுவதில்லை.

ராமென் ஆசையிருந்தால் டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் இருக்கிறது. முழு வீகன் கடை, கேள்வியே கேட்க வேண்டாம்.

அம்மா வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார். அழைத்துப் போகலாமா?

தாராளமாக. உங்களைவிட அவர் நன்றாகச் சாப்பிட்டுத் திரும்புவார். பௌத்த மடங்களின் ஷோஜின் ரியோரி என்ற சைவச் சமையலில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு வகைகளுக்கும் இடமில்லை. கியோட்டோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெட்சு உணவகத்தில் மதியச் சாப்பாடு உண்டு. ஒரு இரவு தங்க முடிந்தால் வகாயாமாவின் கோயாசான் மலைக்குப் போங்கள். 9-ஆம் நூற்றாண்டில் கூக்காய் என்ற பௌத்தத் துறவி நிறுவிய இடம். சுமார் 50 மடங்களில் தங்கலாம்.

அங்கே சிவப்பு, கறுப்பு அரக்குக் கிண்ணங்களில் வரும் கோமாதோஃபுவை அம்மா முன் தள்ளுங்கள். பெயரில் தோஃபு இருந்தாலும் சோயா கிடையாது. எள்ளை விழுதாக்கி, குசு என்ற கொடியின் கிழங்கு மாவோடு கிளறி இறுக்கியது. நாக்கில் வைத்ததும் வழுக்கும், பிறகு எள் வாசம் மெல்ல எழும். உறையவைத்து உலர்த்திய கோயாதோஃபு பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சியிருக்கும். மடத்துச் சமையலில் அந்தச் சாறு கொம்பும் காளானும்தான். வெளியே 'ஷோஜின்' என்று பலகை மாட்டிய கடைகளில் மட்டும் தாஷிக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முன்பதிவின்போதே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ஜப்பானியச் சமையலறையில் கடைசி நேர மாற்றம் எடுபடாது. நான்கு நாள் முன்னதாகச் சொன்னால் தனியாகவே சமைத்து வைப்பார்கள்.

இனிப்பு?

யோகான் வாங்குங்கள். சிவப்புப் பயறு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கான்டென், அவ்வளவுதான். பயறு விழுதை நடுவில் வைத்த அப்பமான தோராயாகி வேண்டாம், அதில் முட்டை இருக்கிறது.