வாசகர் கேள்வி பதில்: தோல் மேல் ஒரு வீடு

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் எலும்பு முறிவு வார்டில், பசிபிக் தீவுக்கூட்டமான சமோவாவின் தாத்தாக்கள் உடம்பில் குத்தியிருக்கும் பச்சையைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம். சரி, இந்த முறை மூட்டுவலிக் கேள்விகளுக்கு விடுமுறை.

*

'டாட்டூ' என்ற சொல்லே அந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதான் என்கிறார்களே, உண்மையா? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

உண்மைதான். சமோவாவிலும், இன்னொரு பசிபிக் தீவான டஹிட்டியிலும் அதற்குப் பெயர் 'தத்தாவ்'. 1769இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் டஹிட்டியில் நின்றபோது, குக்கும் உடன் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸும் காதில் விழுந்தபடி அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு டாட்டூ உண்டு. அது சிப்பாய்களை இரவில் இருப்பிடத்துக்குத் திரும்பச் சொல்லும் முரசு. டச்சு மொழியிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவு கிடையாது. கப்பலில் இருந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன் தன் கையிலும் குத்திக்கொண்டார். அதை ஊரில் காட்டக் கொடுத்துவைக்கவில்லை; திரும்பும் வழியில், 1771இல், கடலிலேயே இறந்துபோனார்.

வழக்கம் இதைவிட எவ்வளவோ பழையது. டோங்காவின் தொங்காதாப்பு தீவில் கிடைத்த, பச்சை குத்தும் எலும்புச் சீப்புகளுக்கு வயது சுமார் 2,700 ஆண்டு என்று 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

*

மெஷின் இல்லாமல் எப்படிக் குத்தினார்கள்? ரொம்ப வலிக்குமா அக்கா? (கல்லூரி மாணவி ஒருவர்)

குத்தினார்கள் என்ன, இன்றும் அப்படித்தான் குத்துகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் சமோவாப் பெண் ஒருத்தி, தன் தம்பிக்குக் குத்தும்போது என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டோடு ஒட்டிய கார் ஷெட். தரை முழுக்கப் பாய். அந்தப் பையன் குப்புறப் படுத்திருந்தான். 'துஃபுங்கா', அதாவது பச்சை குத்தும் ஆசான், பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் சீப்பு, வலது கையில் ஒரு சின்னக் குச்சி. குச்சியால் சீப்பின் கைப்பிடியைத் தட்டத் தட்ட, சீப்பின் பற்கள் தோலுக்குள் மையை இறக்குகின்றன. இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கசியும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். டக் டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம். தலைமாட்டில் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள், பாட்டி பாடிக்கொண்டிருந்தாள். பையன் வாயே திறக்கவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

பழைய சீப்பு என்றால், காட்டுப்பன்றிக் கோரைப்பல்லையோ எலும்பையோ பல் பல்லாக அறுத்து, ஆமை ஓட்டுத் துண்டில் கட்டி, மரப்பிடியில் மண்வெட்டி மாதிரி குறுக்கே பொருத்தியது. மை, எண்ணெய்ச் சத்துள்ள ஒரு கொட்டையை எரித்து எடுத்த கரி. நான் பார்த்தது எஃகுச் சீப்பு. கொதிநீராவியில் கிருமி நீக்கலாம். ஆசான் கையுறை போட்டிருந்தார், தலையணைக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். தொழில் புத்தி போகாது.

ஆண்கள் குத்திக்கொள்வது 'பெஆ'. இடுப்புக்கு மேலிருந்து முழங்கால் வரை இடைவெளி இல்லாமல் வரும். முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கித் தொப்புளில் முடிப்பார்கள். பல நாள் வேலை. பாதியில் எழுந்து ஓடிவிட்டால் அதற்கு 'பெஆ முத்து' என்று பெயர். நம் காதுக்கு என்னவோ நல்ல பெயராகப் படுகிறது. அங்கே முத்து என்றால் அறுந்துபோனது என்று பொருள். அவமானம் அவனுக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கே.

*

ஆமை, சுறாப்பல், அலை என்று ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம்? ஒரு பட்டியல் தரமுடியுமா? (இரண்டு வாசகர்கள்)

முடியாது, கோபிக்காதீர்கள். 'ஆமை என்றால் நீண்ட ஆயுள், சுறாப்பல் என்றால் வீரம்' என்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நானும் பார்த்திருக்கிறேன். சமோவாக்காரர்களிடம் கேட்டால் அப்படித் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பெஆவில் முதுகுக்குக் குறுக்கே வருவது 'வஆ', அதாவது படகு. விலாப் பக்கம் வளைந்து இறங்கும் கோடுகளுக்கு 'அசோ' என்று பெயர். வீட்டுக் கூரையைத் தாங்கும் வளைந்த கழிகளுக்கும் அதே பெயர்தான். அதாவது அவன் உடம்பில் படகும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. குத்தி முடித்தவன் அந்த வீட்டுக்கு உழைக்க வேண்டியவன். விருந்தில் பெரியவர்களுக்குப் பரிமாறுவதும் பாரம் தூக்குவதும் அவன் பாடு. 'அதிகாரத்துக்குப் போகும் வழி தொண்டு' என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. என் தோழியின் தம்பி பச்சை ஆறிய மறுவாரமே சர்ச் விருந்தில் சாப்பாட்டுத் தட்டு சுமந்துகொண்டிருந்தான்.

*

பெண்களுக்கு உண்டா? (இல்லத்தரசி ஒருவர்)

உண்டு. 'மலு' என்று பெயர், தொடையிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. பெஆ மாதிரி அடர்த்தியாக இருக்காது, மெல்லிய கோடும் பூவேலையும்தான். பாதுகாப்பு, நிழல் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள்.

இதில் ஒரு கதை உண்டு. தயேமா, திலாஃபைங்கா என்று இரட்டைச் சகோதரிகள், ஃபிஜியிலிருந்து பச்சை குத்தும் கருவிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு சமோவாவுக்கு நீந்தி வந்தார்களாம். 'பெண்ணுக்குக் குத்து, ஆணுக்குக் குத்தாதே' என்று வழியெல்லாம் பாடிக்கொண்டே. கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சிப்பியைக் கண்டு முங்கினார்கள். மூச்சு வாங்க மேலே வந்தபோது பாட்டு தலைகீழாகிவிட்டது: 'ஆணுக்குக் குத்து, பெண்ணுக்குக் குத்தாதே.' என் தோழி இதைச் சொல்லும்போதெல்லாம், "அந்தச் சிப்பியைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்" என்பாள்.

*

நியூசிலாந்தில் முகத்திலேயே குத்திக்கொள்கிறார்களே, ஏன்? (வங்கி ஊழியர் ஒருவர்)

அது இங்குள்ள பூர்வகுடிகளான மவோரிகளின் 'மொக்கோ'. அவர்களின் பழைய முறையில் சீப்பு மட்டுமில்லை, உளியும் உண்டு. உளி தோலைச் செதுக்கிப் பள்ளம் போடும்; அதனால் பழைய மொக்கோவைத் தொட்டால் வரப்பு மாதிரி தட்டுப்படும். வாய் வீங்கிவிடும் என்பதால், செதுக்கு வேலைப்பாடு செய்த மரப் புனலில் நீராகாரம் ஊற்றுவார்கள்.

ஒருவனின் வம்சமும் தகுதியும் முகத்தில் இருக்கும். 1820களில் தே பெஹி குபே என்ற மவோரித் தலைவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்தார். ஓவியர் ஒருவர் அவரை வரைந்தபோது மொக்கோ சரியாக வரவேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தார். பிறகு தானே பேனாவை வாங்கி, கண்ணாடிகூடப் பார்க்காமல் தன் முகக்கோடுகளைத் தாளில் போட்டுக் காட்டினார். வெள்ளைக்காரன் பெயரைப் பேனாவால் எழுதுகிறான், என் பெயர் இங்கே இருக்கிறது என்று நெற்றியைக் காட்டினாராம். நிலப் பத்திரங்களில் மொக்கோவின் ஒரு பகுதியையே கையெழுத்தாகப் போட்ட தலைவர்களும் உண்டு.

இதே முகங்கள் வியாபாரமான கேவலமும் நடந்தது. இறந்தவர்களின் பதப்படுத்திய தலைகளைத் துப்பாக்கிக்கு மாற்றாக வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1831இல் சிட்னியில் கவர்னர் டார்லிங் அதைத் தடை செய்தார். போன தலைகளை இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருகிறது. பெண்களின் மொக்கோ மோவாயில் இருக்கும். 2020இல் வெளியுறவு அமைச்சரான நனாயா மஹுத்தாவின் படத்தைப் பாருங்கள்.

*

நாக்கில்கூடக் குத்துவார்களாமே? (பெயர் எழுதாத வாசகர்)

ஹவாயில், துக்கத்துக்கு. 1823இல் ராணித்தாய் கெயோபுவோலானி இறந்தபோது, மருமகள் கமாமலு நாக்கில் குத்திக்கொண்டதை வில்லியம் எல்லிஸ் என்ற பாதிரியார் பார்த்திருக்கிறார். வலிக்கவில்லையா என்று கேட்டாராம். வலி பெரிதுதான், என் அன்பு அதைவிடப் பெரிது என்றாளாம்.

*

பாதிரியார்கள் தடுக்கவில்லையா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

தடுத்தார்கள். டஹிட்டியிலும் மார்கேசாஸ் தீவுகளிலும் அநேகமாக அழிந்தே போனது. மார்கேசாஸ்காரர்கள் ஒரு காலத்தில் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை குத்திக்கொண்டவர்கள். 1897இல் அங்கே போன கார்ல் ஃபோன் டென் ஸ்டைனென் என்ற ஜெர்மானியர் கிழவர்களின் உடம்பைப் பார்த்து வரைந்து வைத்தார். பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படங்களைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள். சமோவாவில் மட்டும் அறுபடவே இல்லை. ஞாயிறு சர்ச், திங்கள் தத்தாவ்.

*

எழுபது வயதில் தோல் சுருங்கினால் அசிங்கமாக இருக்காதா? (என் தங்கை மகள், இந்தக் கேள்வியைத் தபாலில்தான் அனுப்புவேன் என்று அடம்பிடித்தவள்)

கருப்பு வெளுத்து நீலம் தட்டும், ஓரம் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான் கண்ணு. எங்கள் வார்டில் ஒரு தாத்தா, இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி டாக்டரைக் கூப்பிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தைக்கும்போது கோட்டோடு கோடு சேருமா? டாக்டர் அறுக்குமுன் பேனாவால் குறுக்கே அடையாளக் கோடுகள் போட்டுக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று தாத்தா கண்ணாடி கேட்டார். அவருக்கு எட்டாது என்று என் போனில் படம் எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, தழும்பு நெடுக ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின கோடு மட்டும் அரிசி அகலம் விலகியிருந்தது. "படகில் ஒரு ஓட்டை" என்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பச் சொன்னார்.