எட்டுப் பேர், மூன்று மொழி

வணக்கம் சார்,

வெளிநாடு வந்தபின் நல்ல நண்பர் வட்டம் அமைந்துவிட்டது. ஆனால் எட்டுப் பேர் கூடினால் மூன்று மொழி ஓடுகிறது. மூன்றும் எனக்கு ஓரளவு தெரியும். தனியாக ஒருவரோடு பேசும்போது சமாளித்துவிடுகிறேன், கூட்டத்தில் ஊமை. வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. இன்னும் சொற்கள் படிக்க வேண்டுமா? நடுவில் இன்னொரு தமிழர் இருந்தால் தமிழில் பேசிக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொற்களைக் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள். தனியாகப் பேச வருகிறதென்றால் மொழி இருக்கிறது, நேரம்தான் கிடைக்கவில்லை. ஜப்பானியம், டேனிஷ் உள்ளிட்ட பத்து மொழிகளின் பேச்சை அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆகும் நேரம், சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே தாய்மொழியில் அரை நொடிக்கு மேல் ஆகும். அதாவது, எதிராளி முடிக்கும் முன்பே எல்லோரும் பதிலைத் தயார் செய்துவிடுகிறார்கள். உங்களுக்கோ கேட்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது.

ஆகவே வாக்கியத்தை முழுசாகக் கட்டிவிட்டு வாய் திறக்காதீர்கள். முதலில் இடத்தைப் பிடியுங்கள். “ஒரு நிமிஷம், அதைப் பத்தி...” போன்ற தொடக்கங்கள் மொழிக்கு நான்கு, யோசிக்காமல் வருமளவுக்குப் பழகியிருக்க வேண்டும். தொடங்கியவருக்குக் காத்திருப்பார்கள்; அதன்பின் தடுமாறினால் பரவாயில்லை. கேள்வி இன்னும் சுலபம்: “அப்புறம் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

பாதியில் தொலைந்தால் “என்ன?” என்று கேட்காதீர்கள். அதே வேகத்தில், இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். பிடிபட்டதைச் சொல்லி விட்டதைக் கேளுங்கள்: “சாவியைக் கொடுத்துட்டார், சரி, யார்கிட்ட?” புரியாத நகைச்சுவைக்குச் சிரிக்கவும் வேண்டாம். அடுத்த கேள்வி உங்களிடம்தான் வரும்.

நாலு பேரைத் தாண்டினால் பேச்சு எப்படியும் இரண்டாகப் பிரியும். மேசை நடுவில் உட்கார்ந்தால் இரு காதிலும் இரு மொழி. மூலை இருக்கையில், சுவருக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கருக்குத் தள்ளி உட்காருங்கள். இரைச்சல் தாய்மொழியைவிடக் கற்ற மொழியைத்தான் அதிகம் கெடுக்கும். அரை மணி முன்னதாகப் போவதும் நல்லது. மூன்று பேர் இருக்கும்போது பேசியதே பிறகு எட்டுப் பேரிடமும் வரும். அப்போது உங்களுக்குக் கதை தெரிந்திருக்கும்.

தமிழ்? தாராளமாக, ஆனால் இரண்டு வாக்கியம். பக்கத்தில் இருப்பவரிடம் விஷயம் இன்னது என்று அவர் மொழியில் முதலில் சொல்லிவிடுங்கள். பேச்சில் அவர் பெயர் வந்தால் உடனே மொழிபெயர்க்க வேண்டும். புரியாத மொழியில் தன் பெயர் காதில் விழுந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். நீளமான ஊர்க்கதை என்றால் இருவரும் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுங்கள். தட்டு கழுவும் சாக்கில் பேசினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.