வலிக்கிற இடத்துக்கே மருந்து போகுமா?

வாசகியர் கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற மகளிர் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 24 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பீரியட்ஸ் வந்தால் முதல் ஒன்றரை நாள் அடிவயிறும் இடுப்பும் பிடுங்கி எடுக்கிறது, தொடை வரை இழுக்கிறது. மாத்திரை போட்டால் வலி நிற்கிறது, ஆனால் வயிறு எரிந்து சாப்பிட முடிவதில்லை. கம்பெனியில் கேட்டால் அட்டை இல்லாமல் ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் கொடுப்பார்கள். இன்ஸ்டாகிராமில் ஒட்டுகிற பட்டை, தடவுகிற ரோல்-ஆன், உள்ளே வைக்கிற மாத்திரை என்று என்னென்னவோ வருகிறது. வயிற்றுக்குப் போகாமல் வலிக்கிற இடத்துக்கே மருந்து போக வழி இருக்கிறதா?
— வாசகி, திருப்பூர்

பதில்: இருக்கிறது கண்ணு. ஆனால் இன்ஸ்டாகிராம் காட்டுவதில் பெரும்பாலானது அது இல்லை.

முதலில் அந்த வெள்ளை மாத்திரை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்படுவது 2019-இலேயே தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாக உலகம் முழுக்கப் போனது. ஏறக்குறைய 100 பெண்களிடம் பேசி எழுதிய செய்தி அது. இன்னும் நீங்கள் இதையே எழுதுகிறீர்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியாத எதையும் விழுங்காதீர்கள்.

இனி வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாதவிடாய் வருவதற்குச் சற்று முன் புரோஜெஸ்ட்டிரான் ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது, கர்ப்பப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்குகிறது, ரத்தக்குழாயையும் சுருக்குகிறது. ரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. மாதவிடாய் ரத்தத்திலேயே இந்தப் பொருள் இருக்கிறது என்பதை 1950-களிலும் 60-களிலும் ஆராய்ந்து காட்டியவர் இங்கிலாந்தின் வெர்னான் பிக்கிள்ஸ். அதுவரை 'எல்லாம் மனசுதான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பிய டாக்டர்கள் உண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தப் பொருள் உருவாவதையே தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மாதவிடாய் வலிக்கு வழக்கமாகப் போடும் மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

சிக்கல் என்னவென்றால், இதே புரோஸ்டாகிளாண்டின்தான் உங்கள் இரைப்பையின் உட்பூச்சையும் அமிலத்திலிருந்து காக்கிறது. வாய்க்காலின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊரெல்லாம் வெள்ளம் விடுகிற கதைதான் மாத்திரை. கர்ப்பப்பையில் நிறுத்த வேண்டியதை இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் சேர்த்து நிறுத்துகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையாலும் இது முழுதாகத் தீராது. சிசேரியனுக்குப் பிறகு அதை வைப்பதுண்டு. அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றத்தான் செய்யும்.

அப்படியென்றால் கர்ப்பப்பைக்கு மட்டும் எப்படி அனுப்புவது? இங்கேதான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது. குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் புரோஜெஸ்ட்டிரான் மாத்திரையைப் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்வது தெரியும். அப்படி வைத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருக்கும், கர்ப்பப்பையில் மட்டும் நிறைய இருக்கும். 1990-களில் இத்தாலியின் கார்லோ புல்லெட்டியும் குழுவினரும், அறுவைச் சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைகளுக்குள் திரவம் ஓடவிட்டு உயிர்ப்போடு வைத்திருந்தார்கள். அதோடு ஒட்டியிருந்த பிறப்புறுப்புத் திசுவில் கதிரியக்க அடையாளமிட்ட புரோஜெஸ்ட்டிரானை வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது மேலேறி கர்ப்பப்பை முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பகுதியின் சிரையும் தமனியும் ஒட்டி ஓடுவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மருந்து தாவுகிறது என்பது ஒரு விளக்கம். ஆக, வழி இருக்கிறது.

அந்த வழியில் வலிக்கு என்ன அனுப்பிப் பார்த்தார்கள்? சில்டெனாஃபில். ஆமாம், வயாகராவில் இருக்கும் அதே மருந்துதான், சிரிக்காதீர்கள். ரத்தக்குழாயை விரிப்பதுதான் அதன் வேலை. குரோஷியாவிலும் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இருந்த மருத்துவர்கள், வலியில் இருந்த 25 பெண்களுக்கு 100 மில்லிகிராம் சில்டெனாஃபிலையோ, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மருந்தையோ பிறப்புறுப்பு வழியாகக் கொடுத்து 4 மணி நேரம் கவனித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. போலி மருந்தைவிட வலி நன்றாகக் குறைந்தது, பெரிய பக்கவிளைவும் இல்லை. ஆனால் பணம் தீர்ந்துபோய் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். ஆண்களுக்கான அதே மாத்திரை கோடிகோடியாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 25 பேரை வைத்து ஒரு மருந்தைச் சிபாரிசு செய்ய முடியாது. அதனால் யாராவது சொன்னார்கள் என்று வாய்வழி மாத்திரையை வாங்கி உள்ளே வைத்துப் பார்க்க வேண்டாம்.

நைட்ரோகிளிசரின் பட்டையையும் அடிவயிற்றில் ஒட்டிப் பார்த்தார்கள். மாரடைப்புக்காரர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் அதே மருந்து. வலி குறைந்தது, ஆனால் பலருக்குத் தலைவலி வந்தது. டைக்ளோஃபினாக்கை அது மிஞ்சவில்லை.

ரோல்-ஆனுக்கு வருகிறேன். புதினா உப்பும் (மெந்தால்) யூகலிப்டஸும் தோலில் சில்லென்று ஒரு உணர்வைக் கொடுக்கும், கவனம் கொஞ்சம் திரும்பும். பிடித்திருந்தால் தடவிக்கொள்ளுங்கள். ஆனால் தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி அது கர்ப்பப்பைக்குப் போகாது. தடவிய இடத்தின்மேல் மட்டும் வெந்நீர் பை வைக்காதீர்கள். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் உள்ள தைலங்களால் தோல் வெந்துபோனவர்கள் உண்டு. 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது.

பட்டைகளில் எனக்குப் பிடித்தது, மருந்தே இல்லாத சூட்டுப் பட்டை. உள்ளே இரும்புத்தூள் இருக்கும். உறையைப் பிரித்ததும் காற்றுப்பட்டு மெதுவாகச் சூடாகும். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சுமார் 39 டிகிரி சூட்டை நாளுக்கு 12 மணி நேரம் அடிவயிற்றில் வைத்தார்கள். 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனை மூன்று வேளை போட்டவர்களுக்குக் கிடைத்த நிம்மதி, போலி மாத்திரையோடு சூடு வைத்தவர்களுக்கும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வலி இறங்கத் தொடங்கியது, மாத்திரை மட்டும் போட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆனது. நின்றுகொண்டே செக்கிங் செய்கிற உங்களுக்கு வெந்நீர் பை ஒத்துவராது, இது ஒத்துவரும். உள்ளாடைக்கு வெளிப்பக்கமாக ஒட்டுங்கள், தோலில் நேரடியாக வேண்டாம்.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போடுவதுதான் நம் பெண்களின் வழக்கம். அதற்குள் புரோஸ்டாகிளாண்டின் உருவாகி முடிந்துவிடும். ரத்தம் பட்டதுமே, சாப்பிட்ட பிறகு போடுங்கள். உங்களுக்கு எரிச்சல் இருப்பதால் எந்த மாத்திரை, கூடவே இரைப்பையைக் காக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா இருந்தால் இந்தக் குடும்பமே ஆகாது. இன்னொன்று: மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை போட்டுச் சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வயது 41, இரண்டு குழந்தைகள். மூன்று வருடமாக மாதாமாதம் கட்டிகட்டியாக ரத்தம், தாங்க முடியாத வலி. ஸ்கேனில் அடினோமயோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர்த் திசு அதன் தசைக்குள்ளேயே வளர்கிறது என்கிறார்கள். ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மருந்து உள்ள 'டி' வைக்கலாம் என்கிறார். காப்பர் டி வைத்த என் நாத்தனாருக்கு வலி கூடத்தான் செய்தது. எதை நம்புவது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னது சரி. காப்பர் டி வலியையும் ரத்தப்போக்கையும் கூட்டும். ஆனால் இது அது இல்லை அம்மா, உருவம் மட்டும்தான் ஒன்று. இதன் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் இருக்கிறது. தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. கர்ப்பப்பைக்குள்ளேயே கசிவதால் உட்சுவர் மெலிகிறது. சுவர் மெலிந்தால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு, ரத்தமும் குறைவு. மேலே திருப்பூர் வாசகி கேட்டாரே, வலிக்கிற இடத்திலேயே மருந்து என்று, அதற்கு இன்று கையில் இருக்கிற உருப்படியான பதில் இதுதான். பின்லாந்தில் 1990-இலேயே விற்பனைக்கு வந்தது. மிரெனா என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்தியத் தயாரிப்புகளும் உண்டு.

அடினோமயோசிஸுக்குக் கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் இதை முயன்று பார்ப்பது நல்ல வழி என்பது என் கருத்து. வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் நேரங்கெட்ட நேரத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் படும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாயே நின்றுவிடும். 'கெட்ட ரத்தம் உள்ளே தங்குமே' என்று மாமியார் கேட்பார். தங்குவதற்கு அங்கே ஒன்றும் உருவாகவில்லை என்று சொல்லுங்கள். சிலருக்குக் கருவி தானாக வெளியே வந்துவிடும். ஆயிரத்தில் ஒருவர் அளவில் வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம். வைத்த பிறகு காட்டச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

வைக்கும்போது வலிக்குமா? பலருக்கு வலிக்கும். 'பல்லைக் கடிச்சுக்கோம்மா' என்று சொல்லும் காலம் போக வேண்டும். கர்ப்பப்பை வாயில் லிடோகெய்ன் மரப்பு மருந்தைத் தடவியோ ஊசியாகவோ போடுவது உதவலாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-இல் தன் வழிகாட்டியில் சேர்த்திருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: இங்கே கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி என்ற பொருள் தோய்த்த டாம்பான் (நாப்கினுக்குப் பதில் உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) விற்கிறார்கள். மாதவிடாய் வலிக்கு நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, லண்டன்

பதில்: இப்போதைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே வைக்கும் சிபிடி மாத்திரை பற்றி 2024-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் வைத்தவர்களுக்குத் தாம் எதை வைக்கிறோம் என்று தெரியும், போலி மருந்தோடு ஒப்பிடவில்லை. மாதவிடாய் வலியில் போலி மருந்தே நிறையப் பேருக்குக் கேட்கும். அந்தக் காசுக்கு நல்ல சூட்டுப் பட்டை வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மாதம் இரண்டு நாள் பள்ளிக்கே போவதில்லை. இந்தப் பட்டை, கருவி எல்லாம் அவளுக்கு வைக்கலாமா? ஹார்மோன் என்றால் பயமாக இருக்கிறது.
— தாய், காரைக்குடி

பதில்: சூட்டுப் பட்டை தாராளமாக. பையில் ஒன்று வைத்து அனுப்புங்கள், வகுப்பு ஆசிரியையிடமும் சொல்லி வையுங்கள். மாத்திரையை அவள் எடைக்கேற்ப டாக்டர் எழுதித் தரட்டும், முதல் நாளே தொடங்கட்டும். கருவி அவளுக்கு முதல் மருந்து இல்லை.

மூன்று மாதம் இப்படிச் சரியாகச் செய்தும் பள்ளி போக முடியவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வலி மாதாமாதம் கூடினாலும், மாதவிடாய் இல்லாத நாளிலும் வலித்தாலும், அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலித்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் 15 வயதிலும் வரும். போகும்போது எந்தெந்தத் தேதியில் வலி, எத்தனை மாத்திரை போட்டாள் என்று அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போகட்டும். டாக்டர் கேட்கும்போது நீங்கள் பேசாமல், அவளைப் பேசவிடுங்கள்.