பேரனைப் பார்க்க மகள் தரும் காசுக்கு வரி உண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணக்கு எழுதும் எனக்கு வருமான வரிப் பாரம் நிரப்பும் காலம் வந்தாலே ஒரே மாதிரிக் கேள்விகள். இந்த முறை பிள்ளை பார்க்கும் காசு. வந்தவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

மகளும் மருமகனும் ஈப்போவில் வேலை. பேரன் என்னிடம் தோட்டத்தில் இருக்கிறான். மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) பேங்கில் போடுகிறாள். வரி இலாகாவான ஹாசிலுக்குச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் அம்மா. 1967 வருமான வரிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு வியாபாரம், சம்பளம், வட்டி, வாடகை என்று வருமான வகைகளை அடுக்குகிறது. மகள் பாசத்தில் கொடுப்பது அதில் வராது. 'இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி' என்று பேசி வைத்திருந்தால் அது வருமானம் என்று ஒருவர் வாதாடலாம். சரி, அப்படியே இருக்கட்டும். வருடத்துக்கு 6,000 வெள்ளி. வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தனிநபர் கழிவே 9,000. வேறு வரவு இல்லையென்றால் வரி எங்கிருந்து வரும்? அப்புறம், டுயிட்நவ் வழியாகப் பேங்கில் காசு அனுப்பும்போது மகள் 'காஜி' என்று குறிப்பு எழுதுகிறாளா, பாருங்கள். சம்பளமாக இல்லாததைச் சம்பளம் என்று எழுதுவானேன்?

அண்ணன் பிள்ளையோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து மாதம் 1,800.

உங்கள் கதை வேறு தங்கச்சி. பக்கத்து வீட்டார் பாசத்தில் கொடுக்கவில்லை, இது தொழில். அண்ணனும் அதே கட்டணம் கொடுத்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆண்டு வரவு 21,600. பிள்ளைகளுக்கான சாப்பாட்டுச் செலவு 3,600 என்றால் மீதி 18,000. 9,000 கழிவு போக 9,000. முதல் 5,000க்கு வரி இல்லை, அடுத்த 4,000க்கு 1 விழுக்காடு, அதாவது 40 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்குள் இருப்போருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு; அந்த நாற்பதும் போய்விடும். ஆனாலும் நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். தொழில் வருமானத்துக்கு பிஇ பாரம் இல்லை, பி பாரம். கெடு ஜூன் 30.

எனக்கு வரியைவிட இன்னொன்றுதான் கவலை. நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து, நாலு பேர் ஆகிவிட்டால் 1984 பிள்ளைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி அது தஸ்கா, அதாவது பிள்ளைப் பராமரிப்பு நிலையம். சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். நாலாவது பிள்ளையை ஏற்கும் முன் யோசியுங்கள்.

தம்பி பிள்ளைக்குப் பால்மாவு, பெம்பர்ஸ் வாங்கிய காசை அவன் திருப்பித் தருகிறான். அதையும் காட்ட வேண்டுமா?

செலவழித்தது கைக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். வருமானம் இல்லை.

மாமியாருக்கு மாதாமாதம் கொடுப்பதை 3,000 வெள்ளி பிள்ளைப் பராமரிப்புக் கழிவில் காட்டலாமா?

முடியாது. தஸ்கா, பாலர் பள்ளி போன்ற பதிவு பெற்ற நிலையங்களுக்குக் கட்டிய கட்டணத்துக்குத்தான் அந்தக் கழிவு. மாமியாரிடம் ரசீது கேட்கும் துணிச்சல் உங்களுக்கு இருந்தாலும் அந்த ரசீது செல்லாது. பாலர் பள்ளிக்குக் கட்டியிருந்தால் அந்த ரசீதைக் கொண்டு வாருங்கள். கணவன், மனைவி இருவரும் அதே கட்டணத்தைக் காட்ட முடியாது; யார் காட்டுவது என்று வீட்டிலேயே பேசிவிட்டு வாருங்கள், என் கடையில் வைத்து வேண்டாம்.